விசிறி நின்ற இருபது நிமிடம்

நோர்வூட்டுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே
முறுக்குப் பிழிந்தாற்போல் தூண்கள் சுழலும் கோயில்.
கட்டிய சாமியார் இத்தாலிக்காரர்.
ஊர் ஞாபகத்தில் கட்டியிருக்கிறார்,
கொஞ்சம் அதிகமாகவே ஞாபகம் வந்திருக்கிறது:
கூரையெங்கும் சுண்ணாம்புச் சம்மனசுகள்
கன்னம் உப்பி, தொப்புள் தெரிய.
பீடத்துக்கு நேர்மேலே ஒருவனின் எக்காளம் உடைந்து
உதட்டில் கம்பி மட்டும் நிற்கிறது.
தங்கப்பூச்சு, ஹட்டனில் கடைப்பலகை எழுதுகிறவரின் கை.

நான் ஒலிப்பதிவுக்காரன். கலியாண வீடியோவும் எடுப்பேன்.
நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன்.
நாலு விநாடி
மாடம், தூண், சம்மனசின் அக்குள் எல்லாம் சுற்றிவிட்டு
அடங்கியது.
கலியாண மண்டபத்தில் இதற்குத் திட்டு வாங்குவேன்.
இங்கே இதற்காகத்தான் வந்தோம்.

முதல் ட்ரம்பெட் பெனடிக்டா, டிக்கோயா ஆஸ்பத்திரி நர்ஸ்,
நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தவள்.
அடுத்தவர் தம்மிக்க, பொலிஸ் பேண்டில் லீவு.
ஹோர்ன் இக்னேசியஸ்.
ட்ரம்போன் வில்பிரட் மாஸ்டருக்குச் சளி.
டியூபா, சிலுவைராசாவின் ஆட்டோவில், பின் சீட்டில்,
நிறைமாதக்காரியை ஏற்றினாற்போல
பள்ளம் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தது.
அது வாங்க ரோசலினின் சீட்டுக்காசு போனதிலிருந்து
வீட்டில் பேச்சில்லை.

தாளில் இருந்தது
நானூறு வருடத்துக்கு முந்திய வெனிஸ்.
எதிரெதிர் மாடத்தில் இரண்டு கூட்டம் நின்று
கேள்வியும் பதிலுமாய் ஊத வேண்டியது.
எங்களுக்கு ஒரே மாடம், அதிலும் பாதி கறையானுக்கு.
ஆகவே கேள்வி பீடத்தருகே.
பதில், பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குப் பக்கத்தில்.

பத்தரைக்கு மழை விட்டது.
தகரத்தில் சொட்டு ஓய பதினொன்று.
ஹெட்போனை மாட்டினால்
ம்ம்ம்ம்.
அரை மைல் தள்ளி, தொழிற்சாலை மேல்மாடியில்
கொழுந்து வாட்டும் விசிறிகள்.
இந்த மலையில் பிறந்த எவனும் அதைச் சத்தம் என்று எண்ணியதில்லை.
மைக் மட்டும் எண்ணியது.

டீமேக்கருக்குப் போன் போட்டோம்.
"இருபது நிமிஷம். அதுக்கு மேல நின்னா கொழுந்து வெந்துரும்.
வெந்தா, ஒங்க பீப்பிய வித்துத் தருவீங்களா?"
சுவிட்சில் இரவு வேலை யார் என்று
அவர் சொல்லவில்லை.
சிலுவைராசா கேட்கவும் இல்லை.

பதினொன்று ஐந்து. நின்றது.
காது சட்டென்று ஆழமானது,
கிணற்று மூடியைத் தள்ளினாற்போல.

முதல் தடவை, நாய்.
இரண்டாவதில் வௌவால் ஒன்று
ஹோர்னின் வாயைக் குகை என்று நினைத்தது.
மூன்றாவது நன்றாகத்தான் போனது.
பெனடிக்டா தானே நிறுத்தினாள்:
"பொய்யா ஊதிட்டேன்."
யாருக்கும் புரியவில்லை, யாரும் மறுக்கவுமில்லை.
வில்பிரட் மாஸ்டர் குழாயில் தேங்கிய எச்சிலை வடித்தார்.
பதினாறு நிமிடம் போயிருந்தது.

நாலாவது.
கேள்வி எழும்பிப் போய்ப் பொன்பூச்சில் முட்டியது.
பதில் பெட்டியோரத்திலிருந்து மெல்ல,
குற்றத்தைச் சொல்லத் தொடங்குகிறவன் போல.
பிறகு எது எது என்று தெரியாமல்
ஐந்து மூச்சும் ஒரே கூரையில்.
கடைசிக் கூட்டுச்சுரம், அடியில் டியூபா,
நீளமாய், நீளமாய்.
அதன் கால்மாட்டில்
விசிறி வந்து நின்றது.

மறுநாள் ஹட்டனில், மேசைமேல்,
அந்த ம்ம்மை மட்டும் அறுத்து எடுத்தேன்.
டியூபாவும் கூடவே வந்துவிட்டது.
மேலே நாலு பேர் தரையில்லாமல் தொங்கினார்கள்.
மெலிதாக அறுத்தேன், இன்னும் மெலிதாக.
இரண்டும் ஒரே சுருதி.
இருந்தபடியே விட்டேன்.

சிலுவைராசா ஆட்டோவைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.
முழுதும் கேட்டார், கண் திரையில் ஓடும் இலக்கத்தில்.
"விசிறி எத்தன மணிக்கு வருது?"
பதினொன்று இருபத்தாறு என்றேன்.
விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் கூடக் குடுத்திருக்கா."